பிரித்துப் போட்ட கணினி மறுபடியும் ஓடியது: ஹார்வெல் டெக்கட்ரான், ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய கணினியை மீட்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் சால்டரிங் அயனிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த கெப்பாசிட்டரை மாற்றினாய், எந்த ஐசி போயிருந்தது, எவ்வளவு செலவானது. எனக்கு அதெல்லாம் இரண்டாம் கட்டம். கிடங்கு மூலையில் கிடக்கிற இரும்புச் சட்டங்கள் என்ன எந்திரத்துடையவை என்று தெரிந்த ஒருவர், அவை எடைக்குப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும். அது நடக்காவிட்டால் சால்டரிங் அயனுக்கு வேலையே இல்லை. அதோடு இன்னொன்றும் வேண்டும்: அந்த எந்திரத்தைக் கட்டியவர்கள், கோளாறு வந்தால் கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யும்படி கட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக அமைந்த நிகழ்வு என்று நான் நினைப்பது இங்கிலாந்தின் ஹார்வெல் டெக்கட்ரான் கணினி. 1951-ல் முதலில் ஓடி, 1973-ல் நின்று, 1997-ல் பிரித்து அடுக்கப்பட்டு, 2012-ல் மறுபடியும் ஓடியது.

முதலில் அடையாளம் கண்ட விஷயம். கெவின் மரல் பதின்ம வயதில் பர்மிங்ஹாம் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இந்த எந்திரத்தைப் பார்த்தவர். பிற்பாடு பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவரானார். பர்மிங்ஹாம் அருங்காட்சியகம் 1997-ல் மூடப்பட்டபோது எந்திரத்தைப் பிரித்து, நகராட்சியின் அருங்காட்சியகக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். அப்புறம் அதை ஏறக்குறைய எல்லோரும் மறந்துபோனார்கள். 2008-ல் மரல் தற்செயலாக ஒரு புகைப்படத்தைப் பார்க்கிறார். அதில் இந்தக் கணினியின் கண்ட்ரோல் பேனல் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் அது எதனுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து தேடிப் போனால், மிச்ச ரேக்குகளும், அதாவது பாகங்களை மாட்டியிருந்த இரும்புச் சட்டங்களும், அதே கிடங்கில் இருக்கின்றன.

இதை வெறும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சின்ன வயதில் ஒரு எந்திரத்தின் முன்னால் நின்று அதை நன்றாகப் பார்த்து மனதில் பதிய வைத்த ஒருவர் இருந்தார், கிடங்குக்காரர்கள் பிரித்தவற்றைத் தூக்கி எறியாமல் ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள், யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்தும் வைத்திருந்தார். இந்த மூன்றில் எது விட்டுப்போயிருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். சேகரிப்பாளர்கள் பழைய எந்திரத்தைப் பிரித்து, நல்ல பேனலைச் சுவரில் மாட்டிவிட்டு மீதியை விற்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிவது இதனால்தான்.

சரி, எந்திரத்துக்கு வருவோம். ஹார்வெல் என்பது பிரிட்டனின் அணு ஆற்றல் ஆய்வு நிலையம் இருந்த இடம். போர் முடிந்த காலத்தில் அங்கே இயற்பியல் கணக்குகள் மலையாகக் குவிந்தன. அவற்றைப் போட்டவர்கள் மேசையில் கையால் சுற்றும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்த இளம் பட்டதாரிகள். ஒரே மாதிரியான கணக்கு, திரும்பத் திரும்ப. சலிப்பில் பிழை வருவதும் இயல்பு. 1949-ல் மின்னணுப் பிரிவைச் சேர்ந்த டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் மூவரும் இந்த வேலையைத் தானாகச் செய்யும் ஒரு கணினியை வடிவமைக்கத் தொடங்கினார்கள். 1951 ஏப்ரலில் அது முதன்முறையாக இயங்கியது. 1952 மே மாதம் கணக்கீட்டுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

வேகம் அவர்களுடைய இலக்கே இல்லை. ஒரு பெருக்கலுக்கு 5 முதல் 10 வினாடி ஆகும். அந்தக் காலத்திலேயே அது மிக மெதுவான எந்திரம்தான். 1953-ல் குக்-யார்பரோ எழுதியதன் சாரம் இது: மெதுவான கணினி தன் இருப்பை நியாயப்படுத்த வேண்டுமென்றால், யாரும் பக்கத்தில் இல்லாமலே நெடுநேரம் ஓட வேண்டும், கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதி உருப்படியான வேலையில் போக வேண்டும். இதைச் சாதித்தும் காட்டினார்கள். 1952 மே முதல் 1953 பிப்ரவரி வரை வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம் ஓடியிருக்கிறது. வால்வு, அதாவது வெற்றிடக் குழாய், வைத்துக் கட்டிய எந்திரங்கள் மணிக்கணக்கில் ஓடுவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் கனம் தெரியும்.

ஹார்வெல் கணக்கீட்டு நிலையத்தின் தலைவராக இருந்த ஜாக் ஹவ்லெட் இரண்டு சம்பவங்களைச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்குக் காகித நாடாவில் மைல் கணக்கில் தரவைத் துளையிட்டு வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குறைந்தது பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் எந்திரம் இன்னும் டிக் டிக் என்று வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்னொரு முறை பார்ட் ஃபாஸி என்ற கணிதர், மேசைக் கால்குலேட்டரோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டி போட்டார். அரை மணி நேரம் வரை சரிக்குச் சரியாகத் தாக்குப்பிடித்தார். அப்புறம் களைத்து எழுந்துவிட்டார். எந்திரம் அதே நிதானத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

இதன் நினைவகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்புப் பணி சாத்தியமானதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. டெக்கட்ரான் என்பது வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய். நடுவில் வட்டமான ஆனோடு (நேர்மின்முனை), அதைச் சுற்றி 30 மெல்லிய கம்பிகள், அதாவது கேதோடுகள் (எதிர்மின்முனைகள்). அவற்றில் 10 முக்கியக் கேதோடுகள், 0 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒன்று. மீதி 20 வழிகாட்டிக் கேதோடுகள், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவில் இரண்டிரண்டாக நிற்கும். எப்போதும் ஏதாவது ஒரு கம்பியின் நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கும். முதல் வழிகாட்டிக்கு ஒரு துடிப்பு, அடுத்ததற்கு ஒரு துடிப்பு என்று கொடுத்தால் அந்தப் பொட்டு நகர்ந்து அடுத்த எண்ணில் போய் உட்காரும். குழாயின் தலைப்பக்கத்திலிருந்து பார்த்தால் எந்த எண்ணில் நிற்கிறது என்று அப்படியே படிக்கலாம். ஒரு குழாய்க்கு ஒரு இலக்கம். பைனரி எதுவும் கிடையாது, நாம் எழுதுகிற பதின்ம எண்தான்.

கூட்டல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு குழாயில் 7 இருக்கிறது, அதை இன்னொரு குழாயோடு கூட்ட வேண்டும். முதல் குழாய்க்குச் சரியாக 10 துடிப்புகள் அனுப்புவார்கள் (பொட்டை ஓர் எண் நகர்த்தும் இரண்டு வழிகாட்டித் துடிப்புகளையும் சேர்த்து இங்கே ஒரு துடிப்பு என்கிறேன்). மூன்றாவது துடிப்பில் பொட்டு 0-வுக்கு வரும். அது 0-வைத் தொட்டவுடன் ஒரு கதவு திறந்த மாதிரி, மிச்சம் இருக்கும் 7 துடிப்புகள் இரண்டாவது குழாய்க்கும் போகும். அது 7 இடம் முன்னேறும். முதல் குழாயோ ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி 7-லேயே வந்து நிற்கும், அதனால் படித்ததில் எண் அழியவும் இல்லை. கழித்தலுக்கு, 0-வைத் தொடுவதற்கு முன்னால் போன அந்த 3 துடிப்புகளை எடுத்துக்கொண்டால் போதும், பத்தின் நிரப்பி, அதாவது 7-ஐப் பத்தாக்கத் தேவையான எண், கிடைத்துவிடும்; 7-ஐக் கழிப்பதற்குப் பதில் அதைக் கூட்டுவார்கள். இவ்வளவும் உங்கள் கண்ணெதிரே நடக்கும். இன்றைக்கு எந்தக் கணினியின் நினைவகத்தையாவது இப்படி வெறுங்கண்ணால் படிக்க முடியுமா?

டெக்கட்ரான் முதலில் கணினிக்காகச் செய்யப்பட்டதே அல்ல. எண்ணுவதற்கு ஒரு குழாய், அவ்வளவுதான். கதிரியக்கத்தை அளக்கிற நிலையத்தில் துடிப்புகளை எண்ணும் கருவிதான் முக்கியம், ஆகவே ஹார்வெல்காரர்களுக்கு அது பழக்கமான பொருள். மீதி பாகங்களைப் பெரும்பாலும் தொலைபேசி இணைப்பகத்தில் பயன்படும் சாமான்களிலிருந்து எடுத்தார்கள். ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகள், 480; டெக்கட்ரான்கள் 828. நிரலும் தரவும் துளையிட்ட காகித நாடாவில். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பகுதியை நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஒரு படிப்பானில் மாட்டிவிடுவார்கள். அது சுற்றிக்கொண்டே இருக்கும். நிரலில் லூப் என்று நாம் எழுதுகிற விஷயம் அங்கே உண்மையாகவே ஒரு வளையம். மொத்த எடை ஏறக்குறைய 2.5 டன், மின்சாரம் 1.5 கிலோவாட். அறையை நிறைக்கிற எந்திரம் ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு மின்சாரத்தில் ஓடியது என்றால், டெக்கட்ரானுக்குச் சூடேற்றும் இழை கிடையாது என்பதுதான் முக்கியக் காரணம். சூடு குறைவு என்றால் பாகங்கள் கெடுவதும் குறைவு.

1957-ல் ஹார்வெல்லுக்கு இது தேவைப்படவில்லை. அப்போது ஒரு நல்ல காரியம் நடந்தது. உடைத்துப் போடாமல், இதை யார் நன்றாகப் பயன்படுத்துவீர்கள் என்று கல்லூரிகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு கணித நிறுவனம் நடத்திய அந்தப் போட்டியில் வுல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரி வென்றது. அங்கே போனதும் இதற்கு விட்ச் என்று பெயர் வைத்தார்கள்; ஹார்வெல்லில் இருந்து வந்த, கணினி கற்பிக்கும் வுல்வர்ஹாம்ப்டன் கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1973 வரை மாணவர்கள் அதில் கற்றார்கள். வேகமில்லாததே வகுப்பறையில் அனுகூலமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பெருக்கல் எப்படிப் படிப்படியாக நடக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்டிச் சொல்லித்தர முடிகிற எந்திரம் வேறு எது? அதே 1973-ல் உலகின் நெடுநாள் உழைத்த கணினி என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்து, பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்துக்குப் போனது.

2009 செப்டம்பரில் பிரித்த பாகங்கள் பிளெட்ச்லி பார்க்கின் எச் பிளாக்குக்கு வந்து சேர்ந்தன. டெல்வின் ஹோல்ராய்ட் தலைமையில் தன்னார்வலர்கள் வேலையைத் தொடங்கினார்கள். எல்லாம் பார்வையாளர்கள் கண்முன்னாலேயே நடந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஏனென்றால் ஓடுகிற எந்திரத்தைக் காட்டிலும் பிரித்துப் போட்டிருக்கும் எந்திரத்தின் முன்னால் நின்றால்தான் ஆட்கள் கேள்வி கேட்பார்கள். வேலை முடிய மூன்றாண்டுகள் ஆயின.

மூன்றாண்டுகள் எதில் போகும் என்று கேட்கலாம். இத்தகைய எந்திரத்தில் எடுத்தவுடன் சுவிட்சைப் போடுவது தற்கொலைக்குச் சமம். முதலில் மின்வழங்கிகளைத் தனியாகக் கழற்றி, வேறு ஒரு சுமையில் மாட்டி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும். டெக்கட்ரானுக்குச் சில நூறு வோல்ட் தேவை. பழைய கெப்பாசிட்டர் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிப் போயிருந்தால் அந்த ஒரே நொடியில் பல குழாய்கள் போய்விடும். அப்புறம் ரேக் ரேக்காக ஏறி வர வேண்டும். ஒரு ரேக் நிதானமாக நின்றால்தான் அடுத்தது.

உயிரை வாங்குவது ரிலேதான். ஒரு ரிலேயில் பல ஜோடி தொடர்பு முனைகள் உண்டு, 480 ரிலேக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கில் வரும். வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் முனைகளில் தூசும் மெல்லிய படலமும் ஏறிவிடும். முழுதாகக் கெட்டுப்போன ரிலேயைக் கண்டுபிடிப்பது சுலபம். நூறு தடவை சரியாகத் தொட்டு நூற்றோராவது தடவை தொடாமல் விடுகிற ரிலே இருக்கிறதே, அதைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கணக்கு தப்பாக வரும், மறுபடி ஓட்டினால் சரியாக வரும். இங்கேதான் முன்பு சொன்ன டெக்கட்ரான் கைகொடுக்கிறது. எண்கள் எல்லாம் வெளியே தெரிவதால், எந்திரத்தை ஒரு படி மட்டும் ஓட்டி நிறுத்தி, எந்தப் பொட்டு எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால், தப்பு எந்த இடத்தில் புகுந்தது என்று அதிலிருந்தே நெருங்கிவிடலாம்.

இதை வீட்டு மேசையில் நாம் சந்திக்கும் எண்பதுகளின் எந்திரங்களோடு வைத்துப் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் யூஎல்ஏ என்ற சிப் போய்விட்டது என்றால், ஃபெராண்டி நிறுவனம் அன்றைக்குச் செய்த அந்தச் சிப்பை இன்று யாரும் செய்வதில்லை. இன்னொரு ஸ்பெக்ட்ரமிலிருந்து பிடுங்க வேண்டும், அல்லது இன்றைய சிப்பை வைத்து அதன் வேலையைச் செய்ய வைக்க வேண்டும். கமோடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கணினியின் பிஎல்ஏ சிப், ஒலிக்கான எஸ்ஐடி சிப் எல்லாம் இதே கதைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது, வெளியே வரும் கால்களில் புரோபை வைத்து ஊகிக்கத்தான் முடியும். முப்பது ஆண்டு மூத்த ஹார்வெல் எந்திரத்தின் ரிலேயைத் திறந்து துடைத்து வில்லைச் சரிசெய்து மறுபடி மாட்டலாம். வயதில் மூத்தது மீட்க எளிது, இளையது மீட்கக் கடினம். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

2012 நவம்பர் 20 அன்று முறைப்படி மீண்டும் இயக்கிக் காட்டினார்கள். முதல் வடிவமைப்பாளர்களில் இருவரும், அதைத் தொடக்க காலத்தில் பயன்படுத்தியவர் ஒருவரும் அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தார்கள். அறுபது ஆண்டுக்கு முன்னால் தாங்கள் கட்டிய அதே எந்திரம், அதே குழாய்களும் ரிலேக்களும். உலகில் மூலப் பாகங்களோடு இயங்கும் மிகப் பழைய டிஜிட்டல் கணினி என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

அந்தப் பட்டத்தில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம், ஏனென்றால் இங்கே நிறையக் குழப்பம் இருக்கிறது. போர்க்காலக் கணினியான கொலோசஸ் இதற்கு முந்தியது, ஆனால் அதே பிளெட்ச்லி பார்க்கில் ஓடுவது டோனி சேல் 1993-ல் தொடங்கிப் பல ஆண்டு உழைத்துத் திரும்பக் கட்டியது. மான்செஸ்டரின் பேபி என்ற கணினி 1948-ல் ஓடியது, இப்போது அங்கே இருப்பது 1998-ல் ஐம்பதாம் ஆண்டுக்காகச் செய்த பிரதி. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐராக் என்ற கணினி 1949 நவம்பரில் ஓடியது, மெல்போர்னில் மூல வடிவில் முழுசாக இருக்கிறது, ஆனால் ஓடாது. ஓட வைக்க வேண்டுமென்றால் பாகங்களை ஏராளமாக மாற்ற வேண்டியிருக்கும், அப்புறம் அது பழைய எந்திரமாக இருக்காது என்று வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபெராண்டி பெகாசஸ் என்ற பழைய கணினி 2009-ல் மின்கோளாறு வந்து நின்றுபோனது.

சிஎஸ்ஐராக் விஷயத்தில் மெல்போர்ன்காரர்கள் செய்தது சரி. ஹார்வெல் விஷயத்தில் பிளெட்ச்லிக்காரர்கள் செய்ததும் சரி. ஒரே விதியை எல்லா எந்திரத்துக்கும் போட முடியாது. நான் கேட்கும் கேள்வி இதுதான்: ஓட வைப்பதற்காக எத்தனை பாகங்களை இழக்க வேண்டியிருக்கும், மாற்றினால் அதே வகைப் பாகம் கிடைக்குமா, மாற்றியதை எழுதி வைக்கப் போகிறார்களா? ஹார்வெல் எந்திரத்துக்கு இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தது. தொலைபேசி ரிலேக்கள் பிரிட்டனில் இன்னும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன, டெக்கட்ரான்களும் பழைய எண்ணும் கருவிகளிலிருந்து வருகின்றன, அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஒரு தனி உலகமாகவே இருக்கிறார்கள்.

ஓட்டினால் தேயும், அதனால் ஓட்டாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று ஒரு வாதம் எப்போதும் வரும். நாடாப் படிப்பானின் ஊசிகளுக்கும் ரிலே முனைகளுக்கும் அது உண்மைதான். ஆனால் டெக்கட்ரானுக்கு நேர் எதிர். நெடுங்காலம் சும்மா கிடந்தாலோ ஒரே இலக்கத்தில் நின்றாலோ அதன் கேதோடுகளில் படிவு ஏறி, பொட்டு சில இலக்கங்களைத் தாண்டத் தயங்கும், சில இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட குழாயைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் விடாமல் சுற்ற விட்டால் பல குழாய்கள் தானாகவே சரியாகிவிடும். கையில் பழைய டெக்கட்ரான் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள், அது செத்துவிட்டது என்ற முடிவுக்கு அப்புறம் வரலாம்.